டிசம்பரில் தமாலாதாவுக்குப் போகிறவர்களுக்கு

டெக்சாசிலோ கலிபோர்னியாவிலோ குடியிருக்கிறீர்கள். மெக்சிகோ வேர் கொண்ட அண்டை வீட்டார் டிசம்பரில் ஒருநாள் "சனிக்கிழமை தமாலாதா, கட்டாயம் வாங்க" என்கிறார்கள். வெறும் வயிற்றோடு போய்விடாதீர்கள். கூப்பிட்டிருப்பது வேலைக்கு. காலையில் தொடங்கினால் சாப்பாடு கைக்கு வர மாலை ஆகும். அதுவரை மாவு தடவ வேண்டும், மட்டை மடிக்க வேண்டும், ஊர்க்கதை கேட்க வேண்டும்.

தமாலாதா என்றால் குடும்பம் கூடித் தமால் செய்யும் நாள். மக்காச்சோள மாவைக் கொழுப்போடு அடித்து, கதிரின் காய்ந்த மட்டையில் தடவி, நடுவில் இறைச்சியோ மிளகாய்க் கீற்றோ வைத்து, மடித்து, ஆவியில் வேகவைப்பது தமால். ஒன்று என்றால் தமால், பல என்றால் தமாலெஸ். ஆங்கிலம் பேசுகிறவர்கள் பன்மையின் கடைசி ஒலியை மட்டும் கழற்றிவிட்டுத் 'தமாலே' என்று ஒருமை செய்துகொண்டார்கள். ஸ்பானிய வீட்டில் அப்படிச் சொன்னால் சிரிப்பார்கள், கோபிக்க மாட்டார்கள். மூலச்சொல் மெக்சிகோப் பழங்குடிகளின் நாவாத்ல் மொழியின் தமால்லி. தமிழ் என்ற சொல்லோடு ஒலி ஒத்துப்போவது தற்செயல், உறவு தேட வேண்டாம்.

2020 கணக்கெடுப்பில் அமெரிக்காவில் லத்தீனோக்கள் (லத்தீன் அமெரிக்க வேர் கொண்டவர்கள்) 6.21 கோடி, அதாவது 18.7 சதவீதம். அவர்களில் பாதிக்கும் மேல் மெக்சிகோ வேர் கொண்டவர்கள். எல்லாரும் நேற்று வந்தவர்கள் என்று நினைத்துக்கொண்டு அந்தச் சமையற்கட்டில் உட்காராதீர்கள். சான் அந்தோனியோ 1718இல் ஸ்பானியர் நிறுவிய ஊர். டெக்சாஸ் அமெரிக்காவோடு சேர்ந்தது 1845இல். கலிபோர்னியாவும் இன்றைய தென்மேற்கின் பெரும்பகுதியும் 1848இல் குவாதலூப்பே இதால்கோ உடன்படிக்கையால் கைமாறின. "நாங்கள் எல்லையைத் தாண்டவில்லை, எல்லைதான் எங்களைத் தாண்டியது" என்று அங்கே ஒரு பேச்சு உண்டு. "நீங்கள் எப்போது இந்த நாட்டுக்கு வந்தீர்கள்?" என்ற கேள்வியைத் தவிர்த்துவிட்டு, "உங்கள் வீட்டில் மாவில் சீரகம் போடுவீர்களா?" என்று கேளுங்கள். பாட்டியின் ஊரிலிருந்து மாமியாரின் ஊர்வரை தானாக வெளியே வரும்.

எவ்வளவு செய்வது, எத்தனை பேர்

தமால் எப்போதும் டஜன் கணக்கு. கடையிலும் அப்படித்தான், வீட்டிலும் அப்படித்தான். பத்து டஜனுக்குக் குறைந்தால் தமாலாதா என்று யாரும் சொல்ல மாட்டார்கள். தனியாளாகப் பத்து டஜன் செய்யப் பார்ப்பதுதான் புதியவர்களின் முதல் தவறு. ஐந்தாவது டஜனில் முதுகு போய்விடும், அதன் பிறகு மாவு தடிமனாக விழும், மடிப்பு தளரும். முதலில் ஆளைச் சேருங்கள், பிறகு சோளத்தை வாங்குங்கள். ஏழெட்டுப் பேர் இருந்தால் மட்டை துடைக்க ஒருவர், மாவு தடவ மூவர், நடுவில் வைக்க ஒருவர், மடிக்க இருவர், அடுப்பைப் பார்க்க ஒருவர். தடவுவதுதான் மெதுவான வேலை, அதனால் அங்கேதான் அதிகம் கை வேண்டும். பழகாத கைக்கு மட்டை ஒன்றுக்கு ஒரு நிமிடம் பிடிக்கும்.

கீழே உள்ளது இரண்டரை டஜனுக்கு, அதாவது 30 தமாலுக்கான அளவு. பத்து டஜனுக்கு எல்லாவற்றையும் நான்கால் பெருக்குங்கள்.

புதிதாக அரைத்த மாசா (சுண்ணாம்பில் வேகவைத்த மக்காச்சோள மாவு), கொழுப்பு சேர்க்காதது: 1 கிலோ
பன்றிக் கொழுப்பு (மந்தேக்கா): 350 கிராம்
இறைச்சி வெந்த சாறு, வெதுவெதுப்பாக: 350 மில்லி, கைவசம் இன்னும் 100 மில்லி
உப்பு: 15 கிராம்
பேக்கிங் பவுடர்: 2 தேக்கரண்டி
எலும்பில்லாத பன்றித் தோள் இறைச்சி: 1 கிலோ
குவாஹியோ மிளகாய் வற்றல் 8, ஆஞ்சோ வற்றல் 4
பூண்டு 6 பல், சீரகம் 1 தேக்கரண்டி, வெங்காயம் 1
காய்ந்த சோளமட்டை: 45 (கிழிந்தது, குறுகியது போக 30 தேறும்)

வெந்த தோள் இறைச்சி 600 கிராம் அளவுக்குச் சுருங்கும். 300 மில்லி மிளகாய்க் குழம்பு சேர்ந்தால் 900 கிராம். தமால் ஒன்றுக்கு 30 கிராம் நடுப்பொருள், 55 கிராம் மாவு. இந்தக் கணக்கைத் தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். பாதி வேலையில் இறைச்சி தீர்ந்து மாவு மிஞ்சுவது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். மிஞ்சிய மாவுக்கு என்ன செய்வது என்று பின்னால் சொல்கிறோம்.

மாசா: மூன்று வழி

எளிய வழி, மொலினோவில் வாங்குவது. மொலினோ என்றால் சோளம் அரைக்கும் ஆலை. தோர்த்தியா என்ற மக்காச்சோள ரொட்டி சுடும் கடைகள் பலவற்றின் பின்கட்டில் ஒன்று இருக்கும். கிறிஸ்துமசுக்கு முந்தைய நாட்களில் கடைவாசல் தாண்டித் தெருவரை வரிசை நிற்கும். ஒரு வாரம் முன்பே சொல்லிவையுங்கள். கேட்க வேண்டிய சொல் "மாசா பரா தமாலெஸ்". தோர்த்தியா மாசா நைசாக இருக்கும், தமாலுக்கு ரவைப் பதம் வேண்டும். அடுத்த கேள்வி, பிரெபராதாவா இல்லையா. மாசா பிரெபராதா என்றால் கொழுப்பும் உப்பும் அடித்துக் கலந்து தயாராக இருப்பது. அதில் மேலும் கொழுப்பு சேர்த்தால் தமால் எண்ணெயாக வடியும். சைவம் சாப்பிடுகிறவர்கள் இங்கே கவனிக்க வேண்டும். பிரெபராதாவில் பெரும்பாலும் பன்றிக் கொழுப்பு இருக்கும். நடுவில் சீஸ் மட்டும் வைத்த தமாலின் மாவிலும் அது இருக்கும். "தியேனே மந்தேக்கா?" என்று கேட்டு வாங்குங்கள். கொழுப்பு சேர்க்காத மாசாவாக வாங்கி, வனஸ்பதி அல்லது வெண்ணெய் 300 கிராம் சேர்த்து, காய்கறிச் சாறு விட்டு நீங்களே அடித்துக்கொள்ளலாம். புது மாசா வெளியே இருந்தால் ஒரே நாளில் புளிக்கும். ஃபிரிட்ஜில் வைத்து இரண்டு நாளுக்குள் முடித்துவிடுங்கள். புளித்த மாவை எந்த மசாலாவும் காப்பாற்றாது.

இரண்டாவது வழி, உலர்ந்த மாசா மாவு. மசேக்கா பாக்கெட் எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும். அதிலும் தமாலுக்கென்று தனியாகக் கொரகொரப்பானது உண்டு, படம் பார்த்து வாங்குங்கள். அமெரிக்க அடுமனைக் கடையில் கிடைக்கும் சாதாரண மக்காச்சோள மாவு இதற்கு ஆகவே ஆகாது: தண்ணீர் விட்டால் மணலாக உதிரும், உருண்டை பிடிக்காது. ஏன் என்பது பின்னால் வரும். பாக்கெட் மாவுக்கு 4 கோப்பைக்கு மூன்று முதல் மூன்றரைக் கோப்பை வெதுவெதுப்பான சாறு, 280 கிராம் கொழுப்பு. மாவைச் சாறில் பிசைந்து 20 நிமிடம் ஊறவிட்ட பிறகுதான் கொழுப்போடு சேர்க்க வேண்டும். ஊறாத மாவு வேகும்போது தண்ணீரைக் குடித்து வறண்டுவிடும்.

மூன்றாவது, சோளத்திலிருந்தே தொடங்குவது. நேரம் இருந்தால் ஒருமுறையாவது இதைச் செய்து பாருங்கள். இனிப்பு மக்காச்சோளம் வேண்டாம், பாப்கார்ன் சோளமும் வேண்டாம். வயலில் முற்றிக் காய்ந்த வெள்ளை மக்காச்சோளம் ஒரு கிலோ. 3 லிட்டர் தண்ணீரில் உணவுக்கென்று விற்கும் நீற்றிய சுண்ணாம்பு 10 கிராம் கரையுங்கள். ஸ்பானிய மொழியில் அதன் பெயர் 'கல்'. சுண்ணாம்புக் கல்லை நினைத்துக்கொண்டால் தமிழ்க் காதுக்கு மறக்காது. கட்டடச் சுண்ணாம்பு, நீற்றாத சுண்ணாம்பு இரண்டும் கூடாது. நீற்றாதது தண்ணீரில் பட்டதும் கொதித்துத் தெறிக்கும். தூள் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அலுமினியப் பாத்திரத்தைச் சுண்ணாம்பு அரிக்கும், அதனால் எவர்சில்வர் எடுங்கள். சோளத்தைப் போட்டுக் கொதி வந்ததும் தீயைக் குறைத்து 30 நிமிடம். மணியை விரலால் தேய்த்தால் தோல் வழுக்கி வர வேண்டும். கடித்துப் பார்த்தால் நடுவில் வெள்ளைப் புள்ளியாகச் சிறிது மாவு வேகாமல் இருக்க வேண்டும். அடுப்பை அணைத்து மூடி இரவு முழுக்க ஊறவிடுங்கள். காலையில் மஞ்சள் தண்ணீரை வடித்து, மூன்று நான்கு முறை அலசித் தோலைக் கழுவித் தள்ளினால் கிடைப்பது நிஷ்தமால். அதை அரைத்தால் ஏறத்தாழ இரண்டு கிலோ மாசா. அதிகம் வேகவைத்துவிட்டால் அரைக்கும்போது பசையாகும். அந்தப் பசையை எவ்வளவு அடித்தாலும் உப்பாது.

அரைக்க, மேசை விளிம்பில் திருகி மாட்டும் கைமில் போதும். இரண்டு முறை விட்டு எடுங்கள். நம் வீட்டு கிரைண்டரில் போடலாமே என்று தோன்றும். அது ஓடத் தண்ணீர் வேண்டும், மாவு இட்லி மாவாக இளகிவிடும், தமாலுக்கு உதவாது. மிக்சிக்கும் இதே கதைதான்.

அந்த 10 கிராம் சுண்ணாம்பு செய்யும் காரியம் பெரிது. சோளத்தோலைக் கட்டிவைத்திருக்கும் நார்ப்பொருளைக் கரைக்கிறது. மாவுக்குப் பிடிப்பு வருவது அதனால்தான். சோளத்தில் உடல் எடுத்துக்கொள்ள முடியாதபடி கட்டுண்டிருக்கும் நயாசின் என்ற வைட்டமினை விடுவிக்கிறது. கூடவே கால்சியமும் ஏறுகிறது. அமெரிக்கப் பழங்குடியினர் பலரும் மெக்சிகோவினரும் சுண்ணாம்பு போன்ற காரப்பொருளில் வேகவைத்துத் தின்ற சோளத்தை, ஐரோப்பாவிலிருந்து வந்தவர்கள் வெறுமனே அரைத்துத் தின்றார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கத் தெற்கில் ஏழைப் பருத்தித் தொழிலாளர் வீடுகளில் நயாசின் குறைவால் வரும் பெலாக்ரா நோய் தோலைப் புண்ணாக்கி, புத்தியைக் குழப்பி, பல்லாயிரம் பேரைக் கொன்றது. 1914இல் ஆய்வுக்கு அனுப்பப்பட்ட மருத்துவர் ஜோசப் கோல்ட்பர்கர், அது தொற்று இல்லை, உணவுக் குறை என்று நிறுவ ஆண்டுக்கணக்கில் போராடினார். நிஷ்தமால் தின்ற வீடுகளை அந்த நோய் அண்டவில்லை.

இதற்கு நேர்மாறான கதையும் ஒன்று உண்டு. செறிவூட்டிய கோதுமை மாவில் ஃபோலிக் அமிலம் சேர்ப்பது அமெரிக்காவில் 1998 முதல் கட்டாயம். கருவில் முதுகுத்தண்டுக் குறை வராமல் தடுக்கத்தான் அது. மாசா மாவை அந்த விதி விட்டுவிட்டது. கோதுமை ரொட்டியைவிடத் தோர்த்தியா அதிகம் தின்னும் லத்தீனாத் தாய்மார் அந்தப் பாதுகாப்புக்கு வெளியே நின்றார்கள். 2016இல்தான் மாசா மாவில் சேர்க்க அனுமதி கிடைத்தது. கட்டாயமாக்கிய முதல் மாநிலம் கலிபோர்னியா; சட்டம் 2024இல் வந்தது, 2026 சனவரி முதல் நடைமுறை. பாக்கெட்டைத் திருப்பிப் பொருட்பட்டியலைப் பாருங்கள், கருவுற்றவர்கள் வீட்டில் இருந்தால் கண்டிப்பாகப் பாருங்கள்.

முதல் நாள்: இறைச்சியும் மிளகாயும்

தமாலாதாவை ஒரே நாளில் முடிக்கப் பார்க்காதீர்கள். நடுப்பொருளை முந்தைய நாளே செய்துவையுங்கள். ஆறிய இறைச்சி கெட்டியாக இருக்கும், மட்டையிலிருந்து வழியாது. சூடான குழம்பு மாவை இளக்கிவிடும்.

தோள் இறைச்சியைப் பெரிய துண்டுகளாக்கி, மூழ்கத் தண்ணீர் விட்டு, வெங்காயம், மூன்று பல் பூண்டு, உப்பு சேர்த்து மெல்லிய தீயில் இரண்டரை மணி நேரம் வேகவையுங்கள். முள்கரண்டியால் தொட்டால் பிரிய வேண்டும். தண்ணீரைக் கீழே ஊற்றிவிடாதீர்கள், நாளைக்கு மாவு அடிக்கும் சாறு அதுதான்.

வற்றல்களின் காம்பையும் விதையையும் நீக்கி, காய்ந்த கோமாலில் (நம் தோசைக்கல் போதும்) பக்கத்துக்கு 20 விநாடி வாட்டுங்கள். வாசனை வந்ததும் எடுத்துவிட வேண்டும். கருகினால் குழம்பு முழுக்கக் கசக்கும். சர்க்கரை போட்டு மறைக்கலாம் என்பார்கள், மறையாது, கருகியதைத் தூர எறிந்துவிட்டுப் புதிதாக வாட்டுங்கள். சுடுநீரில் 20 நிமிடம் ஊறவைத்து, மீதிப் பூண்டு, சீரகத்தோடு நைசாக அரைத்து வடிகட்டுங்கள். வடிகட்டாவிட்டால் தோல் துணுக்கு பல்லில் சிக்கும். ஒரு கரண்டிக் கொழுப்பில் இந்தக் குழம்பைப் பத்து நிமிடம் சுண்டவிட்டு, பிய்த்த இறைச்சியைப் போட்டுப் புரட்டுங்கள். இந்த மிளகாய்களுக்கு நிறம் அதிகம், காரம் குறைவு. நம் வீட்டு வற்றலைப் பாதி எண்ணிக்கையில் போட்டால்கூட யாராலும் சாப்பிட முடியாது.

சைவத்துக்கு ராஹாஸ் கோன் கேசோ: பொப்லானோ மிளகாயை நெருப்பில் கருக வாட்டி, தோலுரித்து, கீற்றாக்கி, ஒரு விரல் நீள சீஸ் துண்டோடு வைப்பது. ஓஹாகா சீஸ் அல்லது மாண்டெரி ஜாக் போடலாம்.

இனிப்புத் தமாலுக்கு மாவில் சர்க்கரையும் பட்டையும், நடுவில் திராட்சையும் பீகான் பருப்பும். டெக்சாஸ் வீடுகளில் பீகான் உடைக்கும்போது 1938ஐ நினைக்கும் முதியவர்கள் உண்டு. சான் அந்தோனியோவில் பீகான் உடைக்கும் கொட்டகைகளில் தூசியும் காசநோயும் மலிந்திருக்க, பவுண்டுக்குச் சில சென்ட் கூலியையும் வெட்டியபோது சனவரி 31 அன்று வேலைநிறுத்தம் தொடங்கியது. ஏறத்தாழ 12,000 பேர், பெரும்பாலும் மெக்சிக அமெரிக்கப் பெண்கள். முன்னால் நின்ற எம்மா தெனாயூக்காவுக்கு அப்போது 21 வயது. கூலி உயர்ந்தது; அதே ஆண்டு வந்த கூட்டாட்சிச் சட்டம் குறைந்தபட்சம் மணிக்கு 25 சென்ட் என்றதும் முதலாளிகள் இயந்திரம் வாங்கி ஆட்களை அனுப்பிவிட்டார்கள்.

இரண்டாம் நாள்: மட்டை, மாவு, மடிப்பு

காலையில் முதல் வேலை மட்டை. ஸ்பானிய மொழியில் ஓஹாஸ். அழுக்கும் சோளநாரும் தட்டிவிட்டு, சுடுநீரில் குறைந்தது ஒரு மணி நேரம். மிதந்துகொண்டே இருக்கும், மேலே தட்டு கவிழ்த்துக் கனம் வையுங்கள். ஊறாத மட்டை மடிக்கும்போது கிழியும். எடுத்துத் துடைத்து ஈரத்துணிக்குள் அடுக்குங்கள். அகன்ற பக்கம் ஒரு சாண் அகலமாவது இருக்க வேண்டும். கிழிசலை வீசாதீர்கள், பானையின் அடியிலும் மேலும் பரப்ப வேண்டும்.

மாவு. கொழுப்பு அறைச் சூட்டில் இருக்க வேண்டும், உருகியிருக்கக் கூடாது. உப்பும் பேக்கிங் பவுடரும் சேர்த்து மின் அடிப்பானில் ஐந்து நிமிடம், வெள்ளையாய் நுரைத்து வரும்வரை அடியுங்கள். பிறகு மாசா ஒரு கைப்பிடி, சாறு ஒரு கரண்டி என்று மாற்றி மாற்றி. சாறு சூடாக இருந்தால் கொழுப்பு உருகி உள்ளே அடைத்த காற்று போய்விடும்; அப்புறம் தமால் செங்கல்தான். மொத்தம் பதினைந்து நிமிடம் அடித்த பிறகு, சிட்டிகை மாவை உருட்டிக் குளிர்ந்த தண்ணீரில் போடுங்கள். மிதந்தால் சரி. மூழ்கினால் இன்னும் ஐந்து நிமிடம் அடியுங்கள். அப்போதும் மூழ்கினால் இரண்டு கரண்டிக் கொழுப்பு. மாவை வாயில் வைத்துப் பாருங்கள், உப்பு கொஞ்சம் தூக்கலாகத் தெரிய வேண்டும், வெந்ததும் இறங்கிவிடும். நடுப்பொருளில் உப்பு இருக்கிறதே என்று மாவில் குறைத்தால் ஆறாவது வாயில் சலிப்புத் தட்டும்.

தடவுவதற்கு எம்பர்ரார் என்பார்கள். மட்டையின் இரண்டு பக்கத்தில் ஒன்று வழவழப்பு, ஒன்று வரிவரி. வழவழப்பில் தடவுங்கள், வரியில் தடவினால் வெந்த பின் மாவு ஒட்டிக்கொண்டு வராது. அகன்ற பக்கம் உங்களை நோக்கி, கரண்டியின் பின்புறத்தால் கீழ்ப் பாதியில் மட்டும், ஐந்து மில்லிமீட்டர் கனத்தில். ஓரத்தில் இரண்டு விரல் விட்டுவிடுங்கள். கூர்ந்த முனைப்பக்கம் மாவே வேண்டாம், அது மடிப்புக்கு. நடுவில் நீளவாக்கில் இறைச்சி ஒரு கரண்டி. ஒரு பக்கத்தை மறுபக்கத்தின் மேல் மூடி, மாவு மாவைத் தொடும்படி சுருட்டி, வாலை மேலே மடியுங்கள். டெக்சாசில் மாவு மெல்லியதாக, தமால் விரல் கனத்தில் இருப்பது பெருமை. தெற்கு மெக்சிகோக் குடும்பங்களில் கையளவு தடிமன். எது சரி என்று அந்த மேசையில் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

பானைக்குத் தமாலேரா என்று பெயர், உள்ளே துளைத்தட்டு இருக்கும் உயரப் பானை. தட்டுக்குக் கீழே தண்ணீர், தட்டைத் தொடக் கூடாது. அடியில் ஒரு காசைப் போட்டுவிடுங்கள். தண்ணீர் கொதிக்கும்வரை காசு கடகடவென்று ஆடும். சத்தம் நின்றால் தண்ணீர் தீர்ந்தது என்று பொருள். அப்போது விட வேண்டியது கொதிநீர், பச்சைத் தண்ணீர் விட்டால் வேகும் தாளம் தப்பிவிடும். தமால்களை மடித்த வால் கீழே, திறந்த வாய் மேலே இருக்கும்படி நிறுத்துங்கள். இறுக்கினால் ஆவி ஏறாமல் நடு வேகாது, தளர விட்டால் சரிந்து தண்ணீரில் குளிக்கும். பாதி நிறையும்வரை நடுவில் ஒரு டம்ளரைக் கவிழ்த்து வைத்துச் சுற்றிலும் சாய்க்கலாம். மேலே கிழிந்த மட்டை, ஈரத்துணி, மூடி. ஆவி வந்த பிறகு ஒன்றேகால் மணி நேரம். பெரிய பானை நிறைய என்றால் இரண்டு மணி நேரம்கூட ஆகும். நடுவிலிருந்து ஒன்றை எடுத்துப் பத்து நிமிடம் ஆறவிட்டுப் பிரியுங்கள். மாவு ஒட்டாமல் மட்டை கழன்றால் வெந்தது. எடுத்த உடனே பிரித்தால் எப்போதும் பிசுபிசுக்கும். வேகவில்லை என்று நினைத்து மறுபடி ஏற்றிக் கெடுப்பவர்கள் ஏராளம்.

கோபத்தோடு இருப்பவர் அடுப்பருகே நின்றால் தமால் வேகாது என்று பாட்டிகள் சொல்வார்கள். பரிகாரம், பானையின் காதில் மட்டைக்கீற்றைக் கட்டிவிட்டு அதன் முன்னால் ஆடுவது. உங்களை ஆடச் சொன்னால் ஆடிவிடுங்கள்.

மாவு மிஞ்சினால் பீன்ஸ் மசித்து வைத்து முடியுங்கள். இறைச்சி மிஞ்சினால் மறுநாள் தோர்த்தியாவில் போகும்.

எல்லாத் தமாலும் ஒன்றில்லை

லத்தீனோ என்ற ஒரே சொல்லுக்குள் எத்தனை ஊர் இருக்கிறது என்பது இந்தப் பொட்டலத்தைப் பிரித்தாலே தெரியும். எல் சால்வடோர், குவாத்தமாலா, தெற்கு மெக்சிகோவின் ஓஹாகா வீடுகளில் மட்டைக்குப் பதில் வாழையிலை, மாவும் இளகலாக இருக்கும். 1980 முதல் 1992 வரை நடந்த உள்நாட்டுப் போரில் சால்வடோரியர் லட்சக்கணக்கில் ஓடிவந்தபோது அந்த வாழையிலைத் தமால் லாஸ் ஏஞ்சலஸ் தெருவுக்கு வந்தது. கியூபர்கள் இறைச்சியை நடுவில் வைக்காமல் மாவிலேயே கலந்துவிடுவார்கள். நியூயார்க்கின் போர்த்தோ ரீக்கோ வீட்டில் கிறிஸ்துமசுக்குச் செய்வது பஸ்தேலெஸ்: சோளமே கிடையாது, பச்சை வாழைக்காயும் கிழங்கும் துருவி, அன்னாட்டோ எண்ணெய் சேர்த்து, இலையிலும் காகிதத்திலும் கட்டித் தண்ணீரில் வேகவைப்பது. அதைத் தமால் என்றால் திருத்துவார்கள். போர்த்தோ ரீக்கோவினர் 1917 முதல் அமெரிக்கக் குடிமக்கள், அவர்களிடம் விசா பற்றிக் கேட்டாலும் திருத்துவார்கள். மிசிசிப்பி டெல்டாவில் கறுப்பினத்தவர் கையில் தமால் இன்னொரு வடிவம் எடுத்தது: சாதாரணச் சோளமாவு, சிறிய உருவம், ஆவிக்குப் பதில் மசாலாத் தண்ணீரில் கொதிக்கவைப்பது.

சாப்பிடுவதும் கொண்டுபோவதும்

முதலில் மட்டையை உரியுங்கள். 1976 ஏப்ரலில் தேர்தல் பயணமாகச் சான் அந்தோனியோவின் அலமோ நினைவிடத்துக்கு வந்த அதிபர் ஜெரால்டு ஃபோர்டு, கொடுத்த தமாலை மட்டையோடு கடித்தார்; கேமராக்கள் பார்த்துக்கொண்டிருந்தன. மே மாதம் டெக்சாஸ் முன்தேர்தலை ரேகனிடம் இழந்தார், நவம்பரில் அந்த மாநிலத்தைக் கார்ட்டரிடம் இழந்தார். காரணம் வேறு பல. ஆனாலும் டெக்சாஸ் அரசியல்வாதி எவரும் அதன்பின் மட்டையைக் கடித்ததாகச் செய்தி இல்லை.

சான் அந்தோனியோவின் சதுக்கங்களில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்தே மாலை வேளைகளில் மிளகாய்க்கறியும் தமாலும் விற்ற பெண்களை 'சில்லி ராணிகள்' என்று பயணிகள் எழுதிவைத்தார்கள். 1930களின் பிற்பகுதியில் சுகாதார விதிகள் அவர்களை நெருக்கின, சில ஆண்டுகளில் மறைந்துபோனார்கள். அதே ஊரில் 1932இல் சார்லஸ் எல்மர் டூலின், மெக்சிகோக்காரர் குஸ்தாவோ ஒல்கீனிடம் சோளச் சீவல் செய்முறையை 100 டாலருக்கு வாங்கினார். ஃபிரிட்டோஸ் அதிலிருந்து வந்தது, நிஷ்தமாலிலிருந்துதான். ஆக, தள்ளுவண்டிக்கு விதி, தொழிற்சாலைக்கு வழி. கலிபோர்னியாவில் தெருவில் விற்பது குற்றம் என்ற நிலை 2018 சட்டத்தால்தான் மாறியது, வண்டிக்கான சமையலறை விதிகளை 2022 சட்டம் தளர்த்தியது. நன்றாக வருகிறதே, நாமும் விற்கலாமே என்று தோன்றினால் முதலில் மாவட்டச் சுகாதாரத் துறையைக் கேளுங்கள். இறைச்சி வைத்த பண்டம் வீட்டுச் சமையல் விற்பனைச் சலுகைக்குள் பெரும்பாலும் வராது.

தமாலாதாவுக்கு வெறுங்கையோடு போக வேண்டாம். என்ன கொண்டுவரட்டும் என்று முன்பே கேட்டால் மட்டைப் பொட்டலமோ கொழுப்போ சொல்வார்கள். மூத்த பெண்களைப் பெயரோடு 'தோன்யா' சேர்த்து அழையுங்கள், பேசுவது 'ஊஸ்தெத்' என்ற மரியாதை வடிவத்தில். கிளம்பும்போது ஒரு டஜனாவது கையில் திணிப்பார்கள், மறுக்கக் கூடாது. ஃபிரிட்ஜில் நான்கு நாள், உறையவைத்தால் மட்டையோடு மூன்று மாதம். உறைந்ததை அப்படியே 30 நிமிடம் ஆவியில் வையுங்கள். ஃபிரிட்ஜில் இருந்ததைத் தோசைக்கல்லில் மட்டை கருகும்வரை போட்டுப் புரட்டினால் உள்ளே மாவு மொறுமொறுப்பாகும். டெக்சாசில் மறுநாள் காலைச் சாப்பாடு அதுதான், பொரித்த முட்டையோடு.

சனவரி 6 அன்று அதே வீட்டில் ரோஸ்கா என்ற வளைய ரொட்டி வெட்டக் கூப்பிடுவார்கள். உள்ளே சிறு குழந்தை பொம்மைகள் ஒளித்திருக்கும். உங்கள் துண்டில் பொம்மை வந்தால், பிப்ரவரி 2 காந்தெலாரியா நாளில் எல்லாருக்கும் தமால் உங்கள் செலவு. மொலினோவில் சனவரி கடைசி வாரமே சொல்லிவையுங்கள், அன்றைக்கும் வரிசை நீளும்.